பாயம்மா வீட்டு வாசலில் ஒரு குழி

பாயம்மா வீட்டு வாசலில், சிமெண்ட் தரை முடிந்து சாலை தொடங்குகிற இடத்தில், ஒரு குழி இருக்கிறது. வாய் சின்னதுதான், ஒரு சவுக்குக் கம்பம் நிற்கிற அளவு. காலை விட்டால் முழங்கால் வரை உள்ளே போகும். கடப்பாரையால் இடித்த விளிம்பு இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், கொசு வரும். பால்காரர் ஒருமுறை சைக்கிளோடு விழுந்து எழுந்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். ஒரு சட்டி கலவை போட்டால் தீர்ந்துபோகிற விஷயம். அதுவும் சிமெண்டும் ஆணியும் கயிறும் விற்கிறவர்கள் வீட்டு வாசல். நானே ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். "அது இருக்கட்டும் டீச்சரம்மா, உங்களுக்கு வேற வேலை இல்லியா" என்று பாயம்மா சொல்லிவிட்டு, கடைப் பின்புறத்திலிருந்து உடைந்த கடப்பாக்கல் துண்டு ஒன்றை எடுத்து வந்து அதன்மேல் மூடினார். என் வாசலிலும் அதே மாதிரி ஒரு குழி இருந்தது. அதை நான் அடுத்த வாரமே பூசிவிட்டேன். அவருடையது அப்படியே இருக்கிறது.

பாயம்மா என்பது பெயரில்லை. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களைப் பாய் என்போம், அவர்கள் வீட்டுப் பெண்களைப் பாயம்மா என்போம். அவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது ரேஷன் கடையில் பெயர் கூப்பிடும்போதுதான் நம் நினைவுக்கு வரும். செஞ்சிக் கோட்டையை நவாபுகள் ஆண்ட காலத்திலிருந்து இந்த ஊரில் இருக்கிற குடும்பம். கோட்டைக்குப் போகிற சாலையில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. இரும்பும் சிமெண்டும் பாய் பார்த்துக்கொள்வார். கயிறு மட்டும் பாயம்மா பொறுப்பு. இரண்டு கையையும் விரித்து ஒரு மார், இரண்டு மார் என்று அவர் கயிறு அளப்பதைப் பார்த்தால் யாரையோ கட்டிக்கொள்ளப் போகிறார் என்று தோன்றும். மாட்டைக் கட்ட எந்த முடிச்சு, கிணற்று வாளிக்கு எது, லாரித் தார்ப்பாய்க்கு எது என்று வாங்க வந்தவன் கேட்காமலே சொல்லி அனுப்புவார். வெடுக்கென்று முடிச்சுப் போட்டுக் காட்டிப் பெருமையடிக்கிற பிள்ளைகளிடம், "கட்றது இன்னா பெரிசு? அவுக்கத் தெரியணும்" என்பார். அவர் வாயில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். என் மாமியார்க்காரி ஒரு வாரம் வந்து தங்கிய சமயத்தில்கூட அதைத்தான் எனக்குச் சொன்னார்.

நான் தொண்டூர்க்காரி. எங்கள் நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து என்னைக் கணக்கு டீச்சர் ஆக்கினார். செஞ்சிக்கு வேலை மாற்றலாகி வந்து வீடு தேடியபோது, எல்லாரும் முதலில் சந்தோஷமாகச் சாவியை எடுப்பார்கள். பிறகு "தொண்டூர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். பதிலைக் கேட்டதும் அவர்கள் வீட்டில் சொந்தக்காரர் யாரோ குடிவரப் போகிறார் என்பது சட்டென்று ஞாபகம் வந்துவிடும். கடையை ஒட்டிய அவர்கள் வீடு காலியாக இருக்கிறது என்று பாயிடம் போனபோது நானே முந்திக்கொண்டு, எங்கள் தெரு இன்னது என்று சொன்னேன். பாய் பாயம்மாவைப் பார்த்தார். பாயம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "காலையில எத்தன மணிக்கு மோட்டார் போடணும், ஸ்கூலுக்கு நேரத்தோட கிளம்பணுமில்ல?" அந்த வீட்டைத்தான் பின்னாளில் நான் விலைக்கு வாங்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

அவர்களுக்கு ஒரே மகள். என்னிடம் கணக்குப் படித்தவள், கணக்கு வராதவள், அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாதவள். அத்தா செல்லம். அவலூர்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிற இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிற தூரம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறை அவள் திரும்பிப் போகும்போதும் பாய் கடையை விட்டுவிட்டுப் பஸ் ஏற்றப் போவார். பஸ் திருப்பத்தில் மறைகிற வரை நின்று கை அசைப்பார். அவளும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்துக்கொண்டே போவாள். கண்டக்டர் "கைய உள்ள விடும்மா" என்று கத்துவார். "துபாய்க்கா அனுப்பறீங்க பாய்?" என்று நான் கிண்டல் செய்வேன். "டீச்சரம்மாவுக்குப் பொண்ணு இல்ல, தெரியாது" என்று பதில் வரும்.

அந்த வருஷம் கோட்டையில் ஒரு பெரிய விழா வைத்தார்கள். எதற்கான விழா, யார் நடத்தியது என்பதெல்லாம் இப்போது முக்கியமில்லை. எங்களுக்கு அன்றைக்கும் அது சரியாகத் தெரியாது. கோட்டைக்குப் பெருமை, ஊருக்குப் பெருமை என்று மைக் கட்டிய ஆட்டோ சொல்லிக்கொண்டு போயிற்று. பெருமை வருவதற்கு முன்னால் கடப்பாரை வந்தது. சாலையின் இரண்டு பக்கமும், வாசலுக்கு வாசல் குழி தோண்டி, சவுக்குக் கம்பம் நட்டு, குறுக்கே கழி வைத்துத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிக்கொண்டே போனார்கள். சாலையைப் பார்த்த சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தார்கள். பக்கவாட்டுச் சுவர் அழுக்காகவே நின்றது, வருகிறவர்கள் காரிலிருந்து இறங்கிப் பக்கவாட்டில் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியம். மாடியில் துணி காயப்போடக் கூடாது. மாடியில் நிற்கவே கூடாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். என் பள்ளிக்கூடத்தில் வெளியூர்ப் போலீஸ்காரர்களைத் தங்கவைத்துவிட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அனுப்பினார்கள். கேட்டால், "நாலு நாள் பொறுத்துக்கோங்க டீச்சர், ஊருக்கு நல்லதுதானே" என்றார்கள். நல்லதை நம்மிடம் கேட்டுச் செய்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

கம்பம் கட்டியவர்கள் கயிறு வாங்கியது பாய் கடையில். கட்டுக் கட்டாக வாங்கினார்கள். தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்துக் கட்டினார்கள். காய்ந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், யானை வந்தாலும் அசையாது என்று மேஸ்திரி பெருமையாகச் சொன்னார். எங்கள் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் குறுக்கே கழி வந்துவிட்டது. வெளியே போக வேண்டுமானால் குனிந்துதான் போக வேண்டும். பாய் தன் கடைக்குத் தானே குனிந்து நுழைந்துவிட்டு நிமிர்ந்து, "நம்ம கயித்தாலயே நம்மளக் கட்றான் பாத்தீங்களா டீச்சரம்மா" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பாயம்மா மட்டும் சிரிக்கவில்லை. முடிச்சைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத எப்படி அவுப்பான்?" என்றார். "விழா முடிஞ்சா அறுத்துப் போட்டுடுவான், உனக்கு இன்னா" என்றார் பாய். நல்ல கயிற்றை அறுப்பது பாயம்மாவுக்கு எப்போதுமே பிடிக்காது. முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விழா அன்று விடியற்காலையில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்த பாய் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பாயம்மா சுவரைத் தட்டிய சத்தத்தில்தான் நான் ஓடினேன். நான் போகும்போதே முடிந்துவிட்டிருந்தது. விழாதான் அவரைக் கொன்றது என்று நான் சொன்னால் அது பொய். அவருக்கு நெஞ்சு வலி பழைய கதை. ஆனால் சாவு எந்த நாளில் வரலாம் என்று சவுக்குக் கம்பம் நடுகிறவர்கள் யோசிப்பதில்லை, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

மகளுக்கு உடனே போன் போனது. அவள் புருஷன் வியாபாரத்துக்கு வெளியூர் போயிருந்தார். அழுதுகொண்டே, "கிளம்பிட்டேன்மா, அத்தாவ எடுத்துடாதீங்க, நான் மூஞ்சியப் பாக்கணும்" என்றாள். பாயம்மா, "வா, நீ வராம எடுக்க மாட்டோம்" என்றார். அதை அவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு அவள் போன் கிடைக்கவேயில்லை. ஊரில் சேர்ந்த கூட்டத்தில் டவர் திணறிவிட்டது. யாருக்குப் போட்டாலும் ஒரே அறிவிப்புதான்.

பள்ளிவாசலும் கபர்ஸ்தானும் சாலைக்கு அந்தப் பக்கம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றுதான் முதலில் பேசினார்கள். அவலூர்பேட்டையிலிருந்து நடந்து வந்தால்கூட அதற்குள் வந்துவிடலாம். பள்ளிவாசல் முத்தவல்லி, ஊர் ஜமாத்துக்குப் பெரியவர், பந்தோபஸ்து அதிகாரியிடம் பேசப் போனார். திரும்பி வரும்போது அந்த அதிகாரியும் கூடவே வந்தார். வேறு மாவட்டத்துக்காரர், முகமெல்லாம் வெயில், கையில் வயர்லெஸ் கத்திக்கொண்டேயிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

"மதியத் தொழுகை முடிஞ்சதும் கடந்துடுங்கம்மா. அதுக்கு மேல ரோட்ட மூடிடுவாங்க. திரும்ப எப்பத் திறப்பாங்கன்னு எனக்கே சொல்ல மாட்டாங்க."

"என் பொண்ணு வந்துட்டு இருக்குது சார்" என்றார் பாயம்மா திரைக்குப் பின்னாலிருந்து.

"எந்தப் பக்கத்திலிருந்து?"

"அவலூர்பேட்ட."

அதிகாரி வயர்லெஸ் சத்தத்தைக் குறைத்தார். "அந்தப் பக்கம் பஸ் எல்லாத்தையும் ஊருக்கு வெளியிலயே நிறுத்திட்டாங்கம்மா" என்றார். "எனக்கும் பொண்ணு இருக்குது. ஆனா இது என் கையில இல்ல."

அன்று காலையிலிருந்து மதியம் வரை அந்த வீட்டில் இருந்த மாதிரி ஒரு இருப்பை நான் அதற்கு முன்பும் பின்பும் அனுபவித்ததில்லை. குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். ஊதுவத்திப் புகை. ஓதுகிற சத்தம். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ 'ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீ' என்று சோதித்துக்கொண்டேயிருந்தார்கள். வாசலில் ஒரு காலடி கேட்டால் பெண்கள் எல்லாரும் தலையைத் தூக்குவோம். வருவது பக்கத்துத் தெருப் பெண்ணாக இருக்கும், கழிக்கு அடியில் குனிந்து தலையில் இடித்துக்கொண்டு வருவாள். மறுபடியும் தலையைத் தொங்கப்போடுவோம். தெருப் பையன் ஒருவனைச் சந்து வழியாக அனுப்பிப் பார்த்தோம். அவனைப் பாதியில் திருப்பியனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதைப் போல ஆளை அரிக்கிறது வேறில்லை.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. "கொஞ்சம் பொறுங்க" என்றார் பாயம்மா. தொழுகை முடிந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றார். முத்தவல்லி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். சாலையில் விசில் சத்தம் நெருங்கியது. இன்றைக்கு விட்டால் ராத்திரியோ நாளையோ, இந்த வெயிலில் மய்யித்தை வைத்துக்கொண்டு எப்படி என்று ஆண்கள் கிசுகிசுப்பது எங்களுக்கும் கேட்டது. நான் என் போனை எடுத்து, "ஒரு போட்டோவாவது எடுத்துடலாமா பாயம்மா, பொண்ணுக்குக் காட்ட" என்றேன். அவர் என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். "மூஞ்சி பாக்கறதுக்குத்தான் டீச்சரம்மா. எடுத்து வச்சிக்கறதுக்கு இல்ல." பிறகு பாய் முகத்தருகே குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவரே துணியை இழுத்து முகத்தை மூடினார். "எடுங்க" என்றார். மகளிடம் கொடுத்த வாக்கை அவரே மீற வேண்டியிருந்தது. அதை வேறு யார் வாயாலும் சொல்லவைக்கவில்லை.

பாயைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கி வாசலுக்கு வந்தால், குறுக்குக் கழி. மனிதன் குனிந்து போகலாம், சந்தூக் குனியுமா? முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். ஈரத்தில் கட்டிக் காய்ந்த முடிச்சு கல்லாக இருந்தது. ஒரு போலீஸ்காரர் பல்லால் இழுத்துப் பார்த்தார். கத்தி, அரிவாள் எதுவும் வெளியே வைக்கக் கூடாது என்று உத்தரவு, கடைக்கும் பூட்டு. தோளில் பாயைச் சுமந்துகொண்டு அவர்கள் வாசலிலேயே நின்றார்கள். வயர்லெஸ் கத்தியது. நான் என் வீட்டுக்குள் ஓடி, சமையலறையிலிருந்து அரிவாள்மனையை அப்படியே பலகையோடு தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த அதிகாரி என்னையும் அதையும் பார்த்தார். பிறகு முகத்தைக் கோட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார். கயிற்றை அறுத்தோம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுச் சாவானாலும், பாடையானாலும் சந்தூக்கானாலும், தெரு ஆண்கள் எல்லாரும் சில அடியாவது தோள் கொடுப்பார்கள். பாய் எத்தனையோ பாடைக்குத் தோள் கொடுத்தவர். அன்று அவருக்குத் தோள் கொடுக்கச் சலவைக்காரர், சைக்கிள் கடைக்காரர், என் பள்ளி வாத்தியார்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு வரிசையாக நின்றார்கள். தூக்குகிறவர்கள் மட்டும்தான் சாலையைக் கடக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் கழிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். சந்தூக் வேக வேகமாக, ஏறக்குறைய ஓட்டமாகச் சாலையைக் கடந்தது. துரத்தினால் ஓடுகிற மாதிரி ஒரு மனிதரைக் கொண்டுபோனார்கள்.

எதிர்ப்பக்கம், பள்ளிவாசலுக்குத் திரும்புகிற வழியை ஒட்டி, வெளியூர்க் கூட்டத்தை உட்கார வைக்க ஒரு பெரிய அடைப்பு போட்டிருந்தார்கள். ஆட்டுப்பட்டி மாதிரி நாலு பக்கமும் கம்பமும் கயிறும். எல்லார் தலையிலும் மஞ்சள் தொப்பி. மேடையிலிருந்து ஒருவர் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். "வண்டி வரும்போது எப்படி அசைப்பீங்க? கைய நல்லாத் தூக்குங்க!" கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கி அசைத்தது. அந்த அசைகிற கைகளுக்குப் பக்கத்தில்தான் சந்தூக் போனது. சாவு போகும்போது இப்படிக் கை அசைக்கிறார்களே, இதுகள் மனிதர்களா என்று நான் வாய்விட்டே திட்டினேன்.

பெரிய வண்டிகள் வந்தபோது வெயில் நன்றாகச் சாய்ந்துவிட்டிருந்தது. அதுவரை சாலை காலியாகக் கிடந்தது. ஒரு நாய் நடுவில் படுத்துத் தூங்கியது.

பொழுது சாய்ந்து கூட்டம் கலைந்த பிறகு மகள் வந்தாள். கறுப்புப் பர்தா முழுக்கப் புழுதி. கையில் கசங்கிய மஞ்சள் தொப்பி, அதைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்தே உள்ளே பார்த்தாள். பாய் கிடந்த இடம் கழுவிக் காய்ந்திருந்தது. அவள் அழவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"எங்கம்மா இருந்த?" என்றார் பாயம்மா.

அவள் சொன்னாள். காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினால் பஸ்ஸே இல்லை. விழாவுக்கு ஆள் ஏற்ற எல்லா வண்டியையும் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோவும் கிடைக்கவில்லை. ஒரு வேன்காரர், "செஞ்சிக்குத்தான போவுது, ஏறிக்கோம்மா" என்றார். கடவுள் கண் திறந்தார் என்று ஏறிவிட்டாள். நம் ஊர்ப் பெண்கள் யாராயிருந்தாலும் ஏறித்தான் இருப்பார்கள். எங்கே போகிறது என்று பார்ப்போமே தவிர, எதற்குப் போகிறது என்று பார்க்க மாட்டோம். வேன் வழியில் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றியது. மதியத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. எல்லார் கையிலும் தொப்பியைக் கொடுத்து, நேராக அந்த அடைப்புக்குள் இறக்கி, கயிறு கட்டிவிட்டார்கள். "எங்கத்தா மௌத்தாயிட்டாரு, எதிர் ரோடுதான் எங்க வூடு, வுடுங்க" என்று கெஞ்சினாள். "எல்லாரும் வெளிய போவ எதாச்சும் சொல்றாங்க, உக்காரும்மா" என்றார் ஒருவர். ஒரு பெண் போலீஸ் மட்டும், "வண்டி போனதும் நானே உன்ன அனுப்பறேன்" என்று தோளைத் தட்டினாள். தன் வீட்டு வாசல் அவளுக்குத் தெரிந்தது. நான் அரிவாள்மனையோடு ஓடியதுகூடத் தெரிந்தது. சந்தூக் வெளியே வந்ததும் அத்தா என்று கத்தினாள். மைக் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கயிற்றின் முடிச்சைப் பிடித்துப் பிய்த்தாள். அவிழவில்லை.

"பக்கத்துலயே போனாங்கம்மா. கை எட்டற தூரம். எனக்கு வேற இன்னா பண்றதுன்னு தெரியல. கைய அசைச்சேன்."

எல்லாக் கையும் அசைந்தபோது அதில் ஒரு கை அவளுடையது. அதைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பாயம்மா மகள் கைகளை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். நகங்கள் பிளந்து ரத்தம் கட்டியிருந்தது, விரல் இடுக்கில் தேங்காய் நார். அந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இன்னா முடிச்சு போட்டிருந்தான்?" கேட்கிற நேரமா இது? "தெரியலம்மா. ஈரத்துல இழுத்துக் கட்டியிருந்தான். நம்ம கடைக் கயிறு" என்றாள் மகள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு பாத்திரம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி வந்தது.

மறுநாள் செய்திகளில் விழா சிறப்பாக நடந்தது என்று சொன்னார்கள், சிறப்பாகத்தான் நடந்தது. சில நாளில் ஆட்கள் வந்து கயிற்றை அறுத்துப் போட்டுக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குழிகளை எங்களிடம் விட்டுவிட்டார்கள். புருஷனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கிற இத்தா காலம் முடிகிற வரை பாயம்மா வெளியே வரவில்லை. முடிந்ததும் கடையில் பாய் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். மகள் இப்போதும் வருகிறாள், போகிறாள். பஸ் ஏற்ற நான்தான் போகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் அவள் கையை வெளியே நீட்டுவதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறாள். கண்டக்டருக்குக் கத்துகிற வேலை மிச்சம்.

போன வாரம் மறுபடியும் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. மறுபடியும் ஒரு விழா, மறுபடியும் ஊருக்குப் பெருமை. பின்னாலேயே சவுக்குக் கம்பம் ஏற்றிய டிராக்டர். என் வாசலில் நான் பூசிய சிமெண்டைக் கடப்பாரையால் மறுபடி இடித்தார்கள். நான் கத்தினேன், கேட்கவில்லை, ஈரக் கயிற்றால் கட்டிவிட்டு நகர்ந்தார்கள். அடுத்து அவர்கள் பாயம்மாவின் வாசலுக்கு வந்தபோது, பாயம்மாவே குனிந்து கடப்பாக்கல்லை நகர்த்திக் கொடுத்தார். "குழி ரெடியா வச்சிருக்கீங்களே பாயம்மா" என்று மேஸ்திரி சந்தோஷப்பட்டார். கம்பத்தை இறக்கினார்கள். ஊறவைத்த கயிற்றைக் கட்டப் போனவரைப் பாயம்மா தடுத்தார்.

"என் வாசல்ல நான் கட்றேன். நீ அடுத்ததப் பாரு."

"கெட்டியா இருக்கணும் பாயம்மா. செக் பண்ண வருவாங்க."

"கயித்துல வளந்தவ நான். ஆட்டிப் பாத்துட்டுப் போ."

கடையிலிருந்து காய்ந்த கயிறு ஒன்றை எடுத்து வந்து கட்டினார். மேஸ்திரி பிடித்து ஆட்டினார், காலால் உதைத்தார். அசையவில்லை. திருப்தியாகப் போய்விட்டார். டிராக்டர் தெருக்கோடிக்குப் போகிற வரை பாயம்மா காத்திருந்தார்.

"டீச்சரம்மா, இங்க வாங்க. இந்த முனையப் புடிச்சு இழுங்க."

கயிற்றின் ஒரு முனை கழிக்குப் பின்னால், வீட்டுப் பக்கமாக, வெளியே தெரியாமல் தொங்கியது. இழுத்தேன். அவ்வளவு பெரிய கட்டு சரசரவென்று உருவிக்கொண்டு வந்து, கழி என் காலடியில் விழுந்தது. வாசல் திறந்துவிட்டது. நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். குழியை ஏன் மூடவில்லை என்று இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுப் பதில் வராத கேள்விக்கு அவர் அப்போதுதான் பதில் சொன்னார்.

"குழிய மூடிட்டா, எங்க தோணுதோ அங்க நடுவான். குழி இருந்தா சோம்பேறி அதுலதான் நடுவான். இங்க நட்டா, முடிச்சு என் கைக்கு எட்டும்."

கழியைத் தூக்கி வைத்து மறுபடி கட்டினார். இரண்டு கையையும் விரித்து இன்னும் இரண்டு மார் கயிறு அளந்து அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என் வாசலுக்கு நடந்தார்.